அவனுக்கு வாய் நான்தானுங்க

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க. எனக்கு வெயில் ஆகாது. கோயமுத்தூர் வரைக்குமுங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். நாகர்கோவில்ல இருந்து கோயமுத்தூர் போய்ச் சேர்ற வரைக்கும் வாய மூடிட்டு வர்றது நம்மால ஆகாத காரியமுங்க. நீங்க புஸ்தகம் படிக்கறதா இருந்தாப் படிங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்தக் குலுக்கல்ல படிச்சா கண்ணு போயிரும். வெச்சிருங்க.

என்ற பேரு சென்னியப்பன். கணபதியில கடை இருக்குதுங்க, சென்னி எலக்ட்ரானிக்ஸ். இப்ப கேமரா மாட்டிக் குடுக்கறோம், வீட்டுக்கு, மில்லுக்கு. முந்தி அது இல்லீங்க. முந்தி நாங்க டிஸ்ப்ளே கார்டு பண்ணிட்டிருந்தோம். ஆமாங்க, கம்ப்யூட்டருக்குள்ள சொருகற கார்டு, திரையில படம் வர வெக்கறது. வாங்கி விக்கறதில்லீங்க. நாங்களே டிசைன் போட்டு, நாங்களே பண்ணுனது. பழைய கம்ப்யூட்டருக்கு. அதுக்கெல்லாம் எதுக்குன்னு கேக்க வர்றீங்க, தெரியுது. சொல்றேன் இருங்க.

ஒரு சிநேகிதனப் பாத்துட்டு வர்றேனுங்க. சிநேகிதன்னு நான் சொல்றேன், அவன் சொல்லுவானோ என்னமோ. மனசு ஆறலீங்க. அவனுக்கு நான் பண்ணுன மாதிரி கூடப் பொறந்தவன் பண்ண மாட்டான்.

தேவசகாயம்னு பேரு. மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து பாலிடெக்னிக் படிக்க கோயமுத்தூருக்கு வந்தவன். ஹாஸ்டல்ல ஒரே ரூமு. மூளைன்னா மூளை, அப்பிடி ஒரு மூளைங்க. ஆனா திக்குவாய். சாதாரணத் திக்கு இல்ல. க, ட, ப, இந்த எழுத்துல ஆரம்பிக்கற வார்த்தை வந்துச்சுன்னா கழுத்து நரம்பு பொடைச்சுக்கும், கண்ணு செருகும், ஒதட்டை இறுக்கிட்டு அப்பிடியே நிப்பான். நான் சென்னிங்கறதால என்ற பேர மட்டும் நல்லாச் சொல்லுவான். கடைசி வருசம் வாய்ப் பரீட்சைக்கு வெளிய இருந்து ஒருத்தர் வந்தாரு. இவன் நிக்கறான், அவரு பாக்கறாரு, நேரம் போகுது. எனக்குப் பொறுக்கலீங்க. அடுத்து நிக்கறவன் நான். "சார், அவன் சொல்ல வர்றது கெபாசிட்டர்"னு நானே சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு. அன்னைல இருந்து அவனுக்கு வாய் நான்தானுங்க. ஓட்டல்ல அவனுக்கு என்ன வேணும்னு நான்தான் சொல்லுவேன். பொண்ணு பாக்கப் போனப்பக்கூட நான்தான் பேசுனேன். அந்தப் புள்ள ஒரு தடவ என்னப் பாத்து, "அவங்க பேசட்டுமே அண்ணா"ன்னுச்சு. சின்னப் புள்ளதானே, வெவரம் தெரியல.

ஆச்சா. சோமனூரு, கரூரு, எங்க சென்னிமலை, இங்கெல்லாம் ஜக்கார்டு தறி ஓடுதில்லீங்க, அதுல நெறையா எடத்துல இருபது வருசத்துக் கம்ப்யூட்டருதான். பெட்ஷீட்டுல பூவு, கோலம், மயிலு, எல்லாம் அதுல போட்டுத்தான் தறிக்குப் போகும். தறிய ஓட்டற கார்டு அந்தப் பழைய ஓட்டையிலதான் சொருகும். அதனால கம்ப்யூட்டர மாத்த முடியாது. டிஸ்ப்ளே கார்டு போயிருச்சுன்னு வைங்க, திரை இருட்டு, தறி நிக்கும். பழைய இரும்புக் கடையில தேடி எடுத்துப் போட்டுட்டிருந்தாங்க. அதுவும் தீந்து போச்சு. அப்பத்தான் இவன் ஒரு காயிதத்துல எழுதிக் காட்டுனான், "நாமளே புதுசாப் பண்ணலாம்"னு.

சரின்னேன். நான் சரின்னு சொன்னதாலதான அது நடந்துச்சு?

ஒன்றரை வருசமுங்க. பழைய கார்டுல இருந்த பெரிய சிப்பு இப்ப யாரும் பண்றதில்ல. அது பண்ற வேலைய எல்லாம் புரோகிராமா எழுதி, புது சிப்பு ஒண்ணுல ஏத்தணும். செகண்டுக்கு எழுபது தடவ திரை முழுசையும் ஒரு புள்ளி விடாம வரையணுமாம். ஒரு துளி முன்ன பின்ன ஆனாப் படம் சாஞ்சு ஓடும். அவன் மேசையில எட்டு மாசம் படம் சாஞ்சுதான் ஓடுச்சு. பாவாடை காத்துல பறக்கற மாதிரி. போற வர்றப்ப எல்லாம் நான் கேப்பேன், "என்னடா, இன்னும் நிக்கலியா?" அவன் சிரிப்பான். ஒரு நாள் நின்னுருச்சு. ரோசாப் பூ ஒண்ணு. ஆனா நீலக் கலர்ல. செவப்புக்குப் போற வயரும் நீலத்துக்குப் போற வயரும் மாறியிருந்துச்சாம். அதப் பாத்துட்டு அவன் சிரிச்ச சிரிப்பு இருக்குதே! எந்திரிச்சு என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். "நீல ரோசா எந்தத் தறிக்காரனுக்குடா வேணும்?"னேன். உக்காந்து வயர மாத்த ஆரம்பிச்சுட்டான்.

கார்டு ரெடி. கம்பெனி ரெண்டு பேரோடதுதான், ஆனாப் பேரு ஒண்ணுதான வெக்க முடியும்? என்ற பேர வெச்சேன். அதுல அவனுக்கு வருத்தமா இல்லியான்னு நான் கேக்கல. இருந்தாச் சொல்லியிருப்பானில்லீங்க.

இங்கதாங்க விசயமே. அந்த வருசம் கொடிசியாப் பக்கம் ஒரு மண்டபத்துல கண்காட்சி. தறிக்காரங்க எல்லாம் வருவாங்க. இவன் சம்சாரத்துக்குப் பிரசவம்னு ஊருக்குப் போயிட்டான். பத்து நாள் லீவு. நான் கார்டை எடுத்துப் பாக்கறேன், நீட்டமா ரயில்வே பிளாட்பாரம் மாதிரி இருக்குது. ஓரத்துல நாலு சின்னச் சிப்பு வரிசையா. எங்க பேரு அடிக்க எடமே இல்ல. பீளமேட்டுல போர்டு அடிச்சுக் குடுக்கறவர்கிட்டப் போய், "இந்த நாலு இல்லாட்டி என்ன ஆகும்?"னு கேட்டேன். "படம் வருமுங்க, ஆனா..."ன்னாரு. "ஆனாவெல்லாம் வேண்டாம், படம் வருதில்ல, தூக்கிருங்க"ன்னுட்டேன். கார்டு சிறுசாயிருச்சு, பாக்கறதுக்கே லட்சணமா. அந்த எடத்துல "சென்னி"ன்னு பெருசா, வெள்ளை எழுத்துல. கடையில ரெண்டு நாள் போட்டு ஓட்டுனேன். பூவு என்ன, மயிலு என்ன, பளபளன்னு வருது! நாமளும் டிசைனருதான்னு எனக்கே தோணிப் போச்சுங்க.

கண்காட்சியில நாப்பது கார்டு எடுத்துக்கிட்டாங்க. தேவசகாயம் திரும்பி வந்து, "கார்டு எப்பிடிப் போச்சு?"ன்னு எழுதிக் கேட்டான். "எல்லாம் போச்சுடா, ஒண்ணு மீதியில்ல"ன்னேன். பொம்பளப் புள்ள பொறந்திருக்குதுன்னு முட்டாய் குடுத்தான். அந்த நேரத்துல எதுக்கு மத்ததெல்லாம்னு நான் சொல்லல.

சித்திரை வெயில் ஆரம்பிச்சுச்சு. ஒவ்வொண்ணா ஃபோன் வருது. திரையில கோடு கோடா வருது, எழுத்துக் கலையுது, அப்பறம் இருட்டு. நாப்பதுல முப்பத்தொண்ணு போயிருச்சுங்க. தறி நின்னு போச்சு, நோம்பி பண்டிகைக்கு முந்தின ஆர்டரெல்லாம் கெடக்குது. சோமனூர்ல தறிக்காரங்க சங்கக் கட்டடத்துல கூட்டம் போட்டுட்டாங்க. தலைவரு அத்தப்ப கவுண்டரு. பதினெட்டுப் பேரு. "பண்ணுனவன் வந்து பதில் சொல்லோணும்"னு ஒரே சத்தம். நான் தேவசகாயத்தக் கூட்டிட்டுப் போனேன். பண்ணுனவன் அவன்தானுங்களே.

அத்தப்ப கவுண்டரு செத்துப் போன கார்டு ஒண்ண அவன் கையில குடுத்தாரு. "ஏப்பா, இது ஏன் எரிஞ்சுது? சொல்லு."

அவன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். அந்த வெள்ளை எழுத்து மேல வெரல வெச்சுத் தடவுனான். அப்பத்தான் அவனுக்குத் தெரியுது, நாலு சிப்பும் இல்லைன்னு. என்ன நிமுந்து பாத்து, "சென்னி"ன்னான். திக்கவே இல்ல, சுத்தமாச் சொன்னான். நான் சன்னலப் பாத்தேன். என்ன பண்றது, சொல்லுங்க?

அப்பறம் அவங்களப் பாத்து ஆரம்பிச்சான். "ப்..."ன்னான். ஒதடு ஒட்டிக்கிச்சு. "ப்... ப்..." கழுத்து நரம்பு இத்தாத்தண்டி பொடைச்சுக்கிச்சு. பதினெட்டுப் பேரும் பாக்கறாங்க. ஒரு நிமிசம் இருக்குமுங்க, ஒரு நிமிசம்ங்கறது எவ்வளவு நேரம்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. பின்னாடி உக்காந்திருந்த ஒருத்தன், "ப்ப்ப்..."ன்னு எடுத்து விட்டான். சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன். நாலு பேர் சிரிக்கறப்ப நாம மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா நல்லா இருக்காதில்லீங்க.

அவன் மேசையில கெடந்த ஒரு காயிதத்த இழுத்து வெச்சு எழுதுனான். நான் எட்டிப் பாத்தேன். பழைய மிசின் அஞ்சு வோல்ட்டு அனுப்பும், நம்ம சிப்பு மூணுதான் தாங்கும், நடுவுல பஃபர்னு நாலு சிப்பு இருந்தாத்தான் வோல்ட்டக் கொறைச்சு உள்ள விடும், வெயில் வேகாடு வந்தா அது இல்லாத கார்டு தாங்காது, அத எடுத்தது யாரு. அப்பிடின்னு எழுதியிருந்தான். அந்த "யாரு"ங்கறதுக்கு அடியில ஒரு கோடு வேற. நான் அந்தக் காயிதத்த எடுத்து மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். "இதென்னடா பரீட்சையா, எழுதறதுக்கு? வாயால சொல்லு"ன்னேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

மறுபடியும் "ப்..."ன்னான். கண்ணுல தண்ணி நிக்குது. எனக்குத் தாங்கலீங்க. என்ற சிநேகிதன் இல்லீங்களா? எத்தன நேரம்தான் நிப்பான்? நானே எந்திரிச்சுச் சொன்னேன், "பிசகு என்னோடதுங்கன்னு சொல்ல வர்றானுங்க, வார்த்தை வரமாட்டேங்குது. மன்னிச்சு விட்டுருங்க."

நீங்க ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? ப-ன்னா பஃபர்னும் இருக்கலாம், பிசகுன்னும் இருக்கலாம். நான் என்னத்தக் கண்டேன்?

அவன் வாய மூடிக்கிட்டான். அதுக்கப்பறம் தொறக்கவே இல்ல. இல்லைன்னு தலையாவது ஆட்டியிருக்கலாமில்ல? ஆட்டல. அத்தப்ப கவுண்டரு நல்ல மனுசன். "ஒத்துக்கிட்டான், விடுங்கப்பா. ஆனா ஒவ்வொரு தறியா வந்து இவனே சரி பண்ணிக் குடுக்கோணும்"னுட்டாரு.

ரெண்டு மாசம் போனானுங்க. ஒரு பையில சூட்டுக் கோலும் ஈயமும் போட்டுட்டு, பஸ்ஸு புடிச்சு, சோமனூரு, பல்லடம், கரூரு. எரிஞ்ச சிப்பப் புடுங்கிட்டுப் புதுசு வெச்சு, அந்த நாலையும் ஒரு சின்னப் போர்டுல ஒட்டி, கார்டுக்கு அடியில ஈயம் வெச்சு. மயிரு மாதிரி வயரு, கார்டுக்கு அறுவது எழுவது. நான் கூடப் போகல, கடையப் பாக்கணுமில்ல. போன எடத்துல எல்லாம் கத பரவிப் போச்சு. இவன் கேட்டுல நொழஞ்சா போதும், தறி ஓட்டற பசங்க "ப்ப்ப் வந்துட்டாருடா"ன்னு கத்துவாங்களாம். ஒரு மில்லுல டீ குடுத்துட்டு, "பாலு வேணும்னு சொல்லு, அப்பத்தான் ஊத்துவோம்"னானுங்களாம். பாலில்லாத கட்டந்தண்ணியக் குடிச்சுட்டு வேல செஞ்சிருக்கான். அத்தப்ப கவுண்டரே என்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. "உன்ற ஆளு வந்தா எங்க பசங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு"ன்னாரு. எதுக்குச் சொல்றேன்னா, ஆளுங்களுக்கு அவன் மேல ஒரு பிரியம் இருந்துச்சுங்க.

முப்பத்தோராவது கார்டு சரியான அன்னைக்கு மறுநாள் அவன் கடைக்கு வரல. சாவி வாட்ச்மேன்கிட்ட இருந்துச்சு. ஒரு வார்த்தை இல்ல, ஒரு சீட்டு இல்ல. பதினாலு வருசச் சிநேகிதமுங்க! எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். அவன் கம்ப்யூட்டர்ல இருந்தது பூராத்தையும் அழிச்சுட்டேன். டிசைன் படம், புரோகிராம், எல்லாம். அவன் இருந்த சுவடே கடையில இருக்கக் கூடாதுன்னு. அதுக்கப்பறம் கார்டு பண்றதுக்கு ஆளில்ல. ரெண்டு பசங்கள வெச்சுப் பாத்தேன், படம் சாஞ்சுட்டே ஓடுச்சு. கேமராவுக்கு மாறிட்டேன். என்ற பொழப்பக் கெடுத்துட்டுப் போனான், அதச் சொல்லுங்க நீங்க.

இப்ப ஆறு வருசம் கழிச்சு வெளிநாட்டுல இருந்து ஒரு மெயில் வருது. பழைய கம்ப்யூட்டர வெச்சு விளையாடறவங்களாம், அதுல ஒரு கூட்டமே இருக்குதாம். எங்க கார்டு ஒண்ணு எப்பிடியோ அவங்க கைக்குப் போயிருக்குது. அடியில சின்னப் போர்டு ஒட்டுன கார்டு. இந்த மாதிரி சுத்தமான வேலைய நாங்க பாத்ததே இல்ல, இதப் பண்ணுன மகராசன் யாருன்னு எழுதியிருக்காங்க. கார்டுல என்ற பேருதானே இருக்குது? நான்தான்னு பதில் போட்டேன். உடனே அஞ்சு கேள்வி கேட்டு எழுதறாங்க. ஒண்ணும் புரியலீங்க. கார்டு நூத்துக் கணக்குல வேணும், டிசைன் படத்த அனுப்புங்கன்னும் எழுதியிருக்காங்க. சரி, பழசையெல்லாம் மறந்து நாமளே எறங்கிப் போவோம்னுதான் நேத்து பஸ் ஏறுனேன்.

நாகர்கோவில்ல விசாரிச்சுப் போனா, எங்க வேலை பாக்கறான்னு நெனைக்கறீங்க? காது கேக்காத பசங்க படிக்கற ஸ்கூல்ல! கம்ப்யூட்டர் வாத்தியாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. திக்குவாய்க்குத் தோதான எடம்தான் புடிச்சிருக்கான். வகுப்புக்கு வெளிய நின்னு பாத்தேன். ஒரு பழைய கம்ப்யூட்டரத் தொறந்து வெச்சு, சுத்திப் பதினஞ்சு பசங்க. இவன் கையால பேசறான். யப்பா, என்ன வேகம்! ரெண்டு கையும் பறக்குது, புருவம் ஏறுது, எறங்குது. ஒரு புள்ள என்னமோ கையக் காட்டிக் கேக்குது, இவன் பதில் காட்டறான், எல்லாம் வாயத் தொறந்து சிரிக்குதுங்க. பாக்கவே பாவமா இருந்துச்சுங்க.

உள்ள போனேன். கை அப்பிடியே நின்னு போச்சு. பக்கத்துல ஜெபராணின்னு ஒரு டீச்சரம்மா, காது கேக்கறவங்க, எனக்கு நாற்காலி போட்டாங்க. நான் பேச ஆரம்பிச்சேன். மெயிலு வந்தது, படம் வேணும்னு கேட்டது, பழசெல்லாம் நான் மனசுல வெச்சுக்கலைங்கறது. அவன் பசங்களப் பாத்துக் கையில என்னமோ சொன்னான். பசங்க எல்லாம் கையக் கட்டிட்டு என்னையே பாத்துட்டு உக்காந்துக்கிச்சுங்க. "என்னம்மா சொன்னான்?"னு டீச்சரம்மாவக் கேட்டேன்.

"அவரு பேசி முடிக்கட்டும், அதுவரைக்கும் நாம காத்திருப்போம்னு சொன்னாருங்க"ன்னாங்க.

மரியாதை தெரிஞ்சவன்தான். நானும் முக்கால் மணி நேரம் பேசுனேன். யாரும் குறுக்க வரல. முடிச்சதும் அவன் கையக் காட்டுனான். டீச்சரம்மா சொன்னாங்க: "எங்கிட்ட ஒண்ணுமில்ல. எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருந்துச்சு, அப்பிடிங்கறாரு."

அது எப்பிடிங்க ஒண்ணுமில்லாம இருக்கும்? அவன் மண்டைக்குள்ள இருக்குமில்ல? மறுபடி வரைஞ்சு குடுக்க எத்தன நேரம் ஆகும்? எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "ஏண்டா, நீ என்ன ஊமையா? கையாட்டிட்டு நிக்கற? வாயத் தொறந்து சொல்லுடா"ன்னேன்.

டீச்சரம்மா எந்திரிச்சுட்டாங்க. அவன் வேண்டாம்னு அவங்களக் கையமத்திட்டு என்கிட்ட வந்து நின்னான். "ப்..."ன்னான். அதே நரம்பு, அதே கண்ணு. "ப்... ப்..." அந்தப் பசங்களுக்குத்தான் காது கேக்காதே, ஒண்ணு கூடச் சிரிக்கல. அவன் ஒதட்டையே பாத்துட்டு உக்காந்திருக்குதுங்க, வரட்டும்னு. பொறுத்துக்கன்னு சொல்ல வர்றான்னு நெனச்சேன். சரி பொறுத்துக்கிட்டேன்டான்னு சொல்லக்கூட வாயெடுத்தேன். அதுக்குள்ள முடிச்சுட்டான்.

"போ"ன்னான்.

இத்தன வருசத்துல எவனாவது என்ன அப்பிடிச் சொல்லியிருப்பானுங்களா? அதுவும் பசங்க முன்னாடி?

வெளிய வந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா ரூமுக்குக் கூப்புட்டு டீ குடுத்தாங்க. நல்ல மாதிரி அம்மா. "தேவசகாயம் சாரோட பழைய முதலாளியா நீங்க? ரொம்ப நல்லதாப் போச்சு. ஜூன்ல அவர நிரந்தரம் பண்ணப் போறோம், புது லேபு மொத்தமும் அவர் பொறுப்புல விடறோம். ஆள் எப்பிடி?"ன்னாங்க.

முதல்ல எதுக்கு வம்புன்னுதான் நெனச்சேனுங்க. சத்தியமா. டீயக் குடிச்சேன். அப்பறம் மனசு கேக்கல. காது கேக்காத புள்ளைங்க, யாரோ தானமாக் குடுத்த கம்ப்யூட்டருங்க, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? கடமைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க. சொன்னேன். நாப்பதுல முப்பத்தொண்ணு எரிஞ்சு போனத, தறி நின்னத, சொல்லாமக் கொள்ளாம ஓடிப் போனத. அந்தம்மா மொகம் சுருங்கிப் போச்சு. "இத எழுத்துல தர முடியுங்களா?"ன்னாங்க.

ரெண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத்தானுங்க பஸ் ஏறுனேன். ஒண்ணும் கூட்டி எழுதல, ஒண்ணும் கொறைச்சு எழுதல. பிசகு தன்னோடதுன்னு அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான், பதினெட்டுப் பேரு சாட்சின்னு கடைசி வரியில போட்டிருக்கேன்.